ஷோரம் விமானக் காட்சி விபத்து, 2015: முக்கியக் குறிப்புகள்

● நாள்: 2015 ஆகஸ்ட் 22. இடம்: இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸ், ஷோரம். விமானம்: ஹாக்கர் ஹண்டர் டி7. வளையமடித்து இறங்கிய விமானம், திடலுக்கு வெளியே ஏ27 நெடுஞ்சாலையில் விழுந்தது. 11 பேர் உயிரிழந்தனர். விமானி படுகாயத்துடன் உயிர் பிழைத்தார்.

● ஹண்டர் நமக்கும் அறிமுகமான விமானம்தான். 1971 போரில், லோங்கேவாலாவில் பாகிஸ்தானின் டாங்கிகளைத் தாக்கியவை ஜெய்சல்மேரிலிருந்து பறந்த இந்திய விமானப்படையின் ஹண்டர்கள். ஷோரமில் விழுந்த விமானம் 1955-இல் தயாரானது.

● விசாரித்த அமைப்பு: பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவு (ஏஏஐபி). இறுதி அறிக்கை 2017 மார்ச்சில் வெளியானது. இந்தியாவிலும் இதே சுருக்கப்பெயரில் ஓர் அமைப்பு 2012 முதல் இயங்குகிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

● இரண்டு எண்கள் முக்கியம். வளையத்தில் நுழையும்போது வேகம் 350 நாட் இருந்திருக்க வேண்டும். இருந்தது சுமார் 310. உச்சியில் குறைந்தது 3,500 அடி உயரம் தேவை. எட்டியது ஏறத்தாழ 2,700 அடி. நுழையும் வேகமும் எஞ்சின் உந்துவிசையும்தான் உச்சி உயரத்தைத் தீர்மானிக்கின்றன. உச்சியில் உயரம் போதாவிட்டால், மூக்கை நிமிர்த்தி மட்டத்துக்கு வருவதற்குள் தரை வந்துவிடும். உச்சியைக் கடந்து 4 நொடி வரைகூட வளையத்தைக் கைவிட்டுத் தப்பியிருக்க முடியும் என்று பின்னர் நடந்த சோதனைப் பறத்தல்கள் காட்டின.

● அப்படியானால் விமானி ஏன் தப்பவில்லை? இந்த விபத்தில் ஊன்றிப் படிக்க வேண்டிய இடம் இதுதான். அவர் அனுபவமற்றவர் அல்லர். ராயல் விமானப்படையில் ஹாரியர் ஓட்டியவர், பயணிகள் விமான விமானி. மொத்தம் 14,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். ஆனால் அதில் ஹண்டரில் பறந்தது 40 மணி நேரத்தைச் சற்றே தாண்டும். ஹண்டரில் இந்தச் சாகசத்திலிருந்து பாதியில் தப்பும் முறையில் முறையான பயிற்சி அவருக்குக் கிடைக்கவில்லை. அத்திறனை யாரும் சோதித்ததும் இல்லை. அவர் ஓட்டிப் பழகிய ஜெட் ப்ரோவோஸ்ட் விமானத்துக்குரிய வேக, உயர அளவுகள் நினைவில் கலந்திருக்கலாம் என்பதையும் அறிக்கை குறிப்பிடுகிறது. 14,000 என்ற எண் எவரையும் மயக்கும். பார்க்க வேண்டியது 40-ஐ.

● மேற்பார்வை: சாகசம் காட்ட விமானிக்குக் காட்சி அனுமதி வேண்டும். அதை அவர் ஓட்டும் ஒவ்வொரு வகை விமானத்துக்கும் தனித்தனியே புதுப்பிக்கச் செய்ய வேண்டும் என்று ஏஏஐபி பரிந்துரைத்தது. அன்றைய விதியில் அந்தக் கட்டாயம் இல்லை. விமானி எந்த வரிசையில் என்னென்ன சாகசம் செய்யப்போகிறார் என்பது காட்சி இயக்குநருக்கே தெரிந்திருக்கவில்லை. கேட்டுப் பெற வேண்டும் என்றும் அன்று விதி இல்லை. தெரியாத சாகசத்தின் ஆபத்தை எப்படி மதிப்பிடுவது? இறந்த பலர் காட்சி பார்க்க வந்தவர்களே அல்லர், சாலையில் போனவர்கள். என் பார்வையில் இது ஒரு விமானியின் தவறோடு முடிகிற கதை அல்ல.

● முன்னோடி: 1952-இல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமானக் காட்சி. டி ஹாவிலண்ட் 110 வானில் சிதறியதில் பார்வையாளர்கள் 29 பேரும் விமானத்தில் இருந்த இருவரும் இறந்தனர்.

● விபத்துக்குப் பின்: பழைய போர் ஜெட்கள் நிலப்பரப்புக்கு மேல் சாகசம் செய்வதை சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் கட்டுப்படுத்தியது. காட்சி இயக்குநர்களுக்கு அங்கீகாரம் கட்டாயமானது.

● சட்டம்: மிகு அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாகத் தொடரப்பட்ட வழக்கில், 2019 மார்ச்சில் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றம் விமானியை விடுவித்தது. 2022 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, 11 பேரும் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டனர் என முடிவு செய்தார். முரண்போலத் தோன்றினாலும் அளவுகோல் வேறு: குற்றவியல் நீதிமன்றத்தில் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும்; மரண விசாரணைக்கு, நடந்திருக்கவே அதிக வாய்ப்பு என்ற அளவு போதும்.