நிலைத்த பணியா, சொந்தத் தொழிலா?

நுழையும் முன்

குழாயைத் திறந்தால் நீர் வரும் என்பது இன்று எல்லாருக்கும் இயல்பான நம்பிக்கை. அந்நம்பிக்கைக்குப் பின்னால் ஒருவரது கைத்திறன் இருக்கிறது. அத்திறனைக் கற்றவர், மாத ஊதியத்திற்குப் பணிபுரிவதா, தம் பெயரில் தொழில் நடத்துவதா என்னும் வினாவை ஒருநாள் எதிர்கொண்டே ஆகவேண்டும். அவ்வினாவை எடைபோடும் முறையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மலையூரும் தண்ணீரும்

திருப்பத்தூர் மாவட்டத்தில், ஆலங்காயத்தை அடுத்து, ஜவ்வாது மலைத்தொடரில் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது காவலூர். 1986ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியால் அவ்வூரின் பெயர் உலகறிந்தது. வைணு பாப்புவின் பெயரைத் தாங்கிய அத்தொலைநோக்கி இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்டு, இந்தியாவிலேயே உருவாக்கப்பட்டது. வானத்தை ஆராயும் அறிஞர்க்கும், மலைச்சரிவில் சாமை விதைக்கும் உழவர்க்கும் பொதுவான தேவை ஒன்று உண்டு. அதுவே தண்ணீர்.

சமவெளியில் குழாய் பொருத்துவதும் மலையில் பொருத்துவதும் ஒன்றல்ல. பத்து மீட்டர் உயர நீர்ப்பத்தி, ஒரு சதுரச் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடைக்கு நிகரான அழுத்தம் தரும். தொட்டிக்கு முப்பது மீட்டர் கீழே உள்ள வீட்டில் குழாயை மூடி வைத்திருக்கும்போது அவ்வழுத்தம் மும்மடங்காகும். தரமற்ற இணைப்பு அங்கே பிளக்கும். தொட்டிக்கு இணையான உயரத்தில் உள்ள வீட்டிலோ நீர் சொட்டவும் தயங்கும். எவ்விடத்தில் வால்வு வைப்பது, எவ்விடத்தில் காற்று வெளியேற வழி விடுவது என்பதை மேடு பள்ளம் அறிந்த உள்ளூர்க்காரரே விரைவாக உணர்வார். இவ்வறிவுக்கு மதிப்பு உண்டு. அம்மதிப்பை ஊதியமாகப் பெறுவதா, தொழில் வருவாயாகப் பெறுவதா என்பதே வினா.

பழைய ஏற்பாடு

இவ்வினா தமிழ்நிலத்திற்குப் புதிதன்று. நீர் செல்லும் துளைவழியைத் ‘தூம்பு’ என்று வழங்கியது பழந்தமிழ். ஏரிப்பாசனம் செழித்த ஊர்களில் மதகைத் திறந்து மூடி, வயல்தோறும் முறைவைத்து நீர் பாய்ச்சியவர் நீர்க்கட்டி எனப்பட்டார். அவருக்கு ஊதியம் காசாக அமையவில்லை. பாசனம் பெற்ற உழவர் அனைவரும் அறுவடையில் ஒரு பங்கு நெல்லை அவருக்கு அளந்தனர். ஒருவருக்கு மட்டும் அவர் ஊழியர் அல்லர், ஊருக்கே ஊழியர். விளைந்தால் அவருக்கும் விளையும். பொய்த்தால் அவருக்கும் பொய்க்கும்.

இன்று அவரது இடத்தில் ஊராட்சியின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இயக்குபவர் நிற்கிறார். விசைப்பம்பை இயக்குதல், தொட்டியைத் தூய்மை செய்தல், நீரில் குளோரின் கலத்தல் ஆகியன அவர் கடமைகள். அவர் பெறும் தொகுப்பூதியம் சிறிது. எனினும் மாதந்தோறும் வருவது. குழாய் பொருத்தும் தொழிலில் பயிற்சி பெற்ற மலையூர் இளைஞர் ஒருவர்முன் இத்தகைய பணி ஒரு வழி. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதித் தொழிற்சாலைகளிலோ, சென்னை, பெங்களூரு நகரங்களின் கட்டுமான நிறுவனங்களிலோ மாதச் சம்பளத்தில் சேர்வது மற்றொரு வழி. கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடுவீடாகச் செல்வது மூன்றாவது வழி.

நிலைத்த பணி தருவன

நிலைத்த பணியின் மதிப்பு கையில் வரும் தொகையோடு முடிவதில்லை. சட்டத்தின் வரம்புக்குள் வரும் நிறுவனமாயின், அடிப்படை ஊதியத்தில் 12 விழுக்காட்டைத் தொழிலாளியும், அதே அளவை நிறுவனமும் வருங்கால வைப்பு நிதிக்குச் செலுத்த வேண்டும். நிறுவனத்தின் பங்கில் ஒரு பகுதி ஓய்வூதியத் திட்டத்திற்குச் செல்லும். மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவர்க்குத் தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டமும் உண்டு. அதில் தொழிலாளி 0.75 விழுக்காடும் நிறுவனம் 3.25 விழுக்காடும் செலுத்துவர். அதற்கு ஈடாகக் குடும்பத்திற்கு மருத்துவம் கிடைக்கும். உரிய காலம் சந்தா செலுத்தியவர் நோயுற்றால், ஆண்டுக்கு 91 நாள்வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும்.

இவற்றோடு, கண்ணுக்குத் தெரியாத ஊதியமாகக் கல்வியும் உண்டு. பல மாடிக் கட்டடத்தின் நீரேற்றம், தீயணைப்புக் குழாய், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆகியவற்றை ஒற்றை வீட்டு வேலைகளில் கற்க இயலாது. விலையுயர்ந்த கருவிகளை வாங்கித் தருவதும், தவறு நேர்ந்தால் அதன் செலவை ஏற்பதும் நிறுவனமே.

ஆயினும் மாதச் சம்பளம் என்பதும் நிலைத்த பணி என்பதும் ஒன்றல்ல. பணி நியமன ஆணையோ வைப்பு நிதிக் கணக்கெண்ணோ இல்லாமல், ஒப்பந்தக்காரர் மாதம் ஒருமுறை தரும் தொகை, பெயரளவில்தான் சம்பளம். கட்டடம் முடியும் நாளில் அப்பணியும் முடியும். பணியில் சேர்வோர் முதலில் கேட்க வேண்டியது ‘எவ்வளவு?’ என்பதோடு, ‘எந்த ஆவணத்தின்படி?’ என்பதுமாகும்.

சொந்தத் தொழில் தருவன

சொந்தத் தொழிலின் முதற்சிறப்பு, உழைப்பின் பயன் உழைத்தவரையே சேர்வது. நாட்கூலிக்குத் தொடங்குபவர், காலப்போக்கில் ஒரு வீட்டின் முழுக் குழாய்ப் பணியையும் ஒப்பந்தமாக ஏற்கலாம், உதவியாளரைச் சேர்க்கலாம், குழாய், எல்போ, டீ, வால்வு விற்கும் கடையும் வைக்கலாம். சம்பளத்திற்கு உச்சவரம்பு உண்டு. நற்பெயர் பெற்றவரின் தொழிலுக்கு அவ்வரம்பு இல்லை. ஊரைவிட்டுப் பிரியாமல், நிலத்தையும் பெற்றோரையும் பார்த்துக்கொண்டு வாழ்வது மலையூரில் சிறிய பேறன்று.

இதன் மறுபக்கத்தையும் காணவேண்டும். வேலை இல்லாத நாளுக்குக் கூலி இல்லை. கை முறிந்தால் வருவாயும் முறியும். உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் பணம் கேட்கக் கூச்சம். ‘அறுவடை முடிந்ததும் தருகிறேன்’ என்பவரிடம் காத்திருக்க வேண்டும். பொருத்திய இணைப்பு மறுநாள் கசிந்தால், பத்துக் கிலோமீட்டர் மலைப்பாதையில் மீண்டும் சென்று, கூலியின்றிச் சரிசெய்ய வேண்டும். அவ்வாறு செல்பவரே நற்பெயர் பெறுகிறார் என்பதும் உண்மை.

கணக்கிட்டுப் பார்த்தல்

மாதச் சம்பளத்தை நாட்கூலியின் முப்பது மடங்கோடு ஒப்பிட்டு முடிவெடுப்பது இளையோர் பலர் செய்யும் பிழை. ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். இதில் உள்ள ஊதியமும் கூலியும் செலவும் கணக்கிற்காகக் கொண்டவையே.

ஒருவர் மாதம் 18,000 ரூபாய் ஊதியம் பெறுகிறார். அதில் அடிப்படை ஊதியம் 15,000 ரூபாய் எனக் கொள்வோம். பிடித்தம் 1,935 ரூபாய் போக அவர் கைக்கு வருவது 16,065 ரூபாய். ஆனால் நிறுவனம் அவர்பொருட்டு வைப்பு நிதிக்கு 1,800 ரூபாயும், ஈட்டுறுதிக்கு 585 ரூபாயும் செலுத்துகிறது. ஆகவே அப்பணியின் உண்மை மதிப்பு மாதம் 20,385 ரூபாய்.

மற்றொருவர் சொந்தமாகத் தொழில் செய்கிறார். நாட்கூலி 1,200 ரூபாய். வண்டி எரிபொருள், கருவித் தேய்மானம், கைப்பேசி, வாராக்கடன் ஆகியவற்றுக்கு வேலைநாள் ஒன்றுக்கு 250 ரூபாய் கழிக்க, எஞ்சுவது 950 ரூபாய். மாதம் 18 நாள் வேலை கிடைத்தால் அவர் ஈட்டுவது 17,100 ரூபாய். 22 நாள் கிடைத்தால் 20,900 ரூபாய். 21 நாள்வரை பணியாளரின் தட்டு தாழ்ந்திருக்கிறது. 22ஆம் நாளில் தராசு மறுபக்கம் சாய்கிறது. எனவே ‘ஒரு நாளுக்கு எவ்வளவு?’ என்பதைக் காட்டிலும் ‘மாதத்தில் எத்தனை நாள்?’ என்பதே முதன்மையான வினா.

வீடுகள் நெருங்கிய நகரில் ஒரே நாளில் நான்கு வீட்டு வேலைகளை முடிக்க இயலும். சிற்றூர்கள் சிதறிக்கிடக்கும் மலையில் ஒரு வேலைக்கே ஒரு நாள் கழியலாம். அங்கே தொழில் செய்பவர் குழாய் பொருத்துவதோடு நில்லாமல், ஆழ்துளைக் கிணற்று மோட்டார் பழுது, மழைநீர் சேகரிப்பு, சொட்டுநீர்ப் பாசனம், சூரிய ஆற்றல் நீர்ச்சூடேற்றி ஆகியவற்றையும் கற்றால்தான் வேலைநாள்கள் பெருகும்.

ஒடிசா காட்டும் வழி

ஒடிசா மாநிலத்தின் கேந்திரபாரா மாவட்டம், குழாய் பொருத்துநரின் தாயகம் எனப் பெயர் பெற்றது. வெள்ளமும் புயலும் அடிக்கடி தாக்கும் அக்கடலோரப் பகுதியினர், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வேலை தேடிக் கொல்கத்தா சென்று இத்தொழிலைக் கற்றனர். முன்சென்றவர் பின்வந்தவரை உதவியாளராக ஏற்றுப் பழக்கினார். இன்று இந்தியப் பெருநகரங்களிலும் வளைகுடா நாடுகளிலும் அவர்கள் பணியாற்றுகின்றனர். உதவியாளராகத் தொடங்கிய பலர் ஒப்பந்தக்காரராக உயர்ந்தனர். அம்மாவட்டத்தின் பட்டாமுண்டையில் குழாய்த் தொழில்நுட்பத்திற்கென்றே அரசுப் பயிற்சி நிறுவனம் இயங்குகிறது.

நிலைத்த பணியும் சொந்தத் தொழிலும் எப்போதும் எதிரெதிர்ப் பாதைகளாக இருக்க வேண்டியதில்லை என்பதை அவர்கள் வரலாறு உணர்த்துகிறது. ஒன்று மற்றொன்றுக்குப் படியாகலாம். பிறரிடம் பணிபுரிந்த ஆண்டுகளில் தொழில் நுணுக்கமும் மனிதர் பழக்கமும் கைவருகின்றன. அவையே பின்னர்த் தொழிலின் முதலீடாகின்றன.

தமக்குத் தாமே முதலாளி

சொந்தத் தொழிலைத் தேர்ந்தவர் மறக்கக்கூடாத உண்மை ஒன்று உண்டு. நிறுவனம் தன் ஊழியர்க்குச் செய்வனவற்றை அவர் தமக்குத் தாமே செய்துகொள்ள வேண்டும். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்தால், விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, 60 வயதுக்குப்பின் ஓய்வூதியம் ஆகியன கிடைக்க வழியுண்டு. அடல் ஓய்வூதியத் திட்டத்தில் 18 வயதில் சேர்ந்து மாதம் 210 ரூபாய் செலுத்துபவர், 60 வயதுக்குப்பின் மாதம் 5,000 ரூபாய் பெறுவார். கருவி வாங்க முத்ரா திட்டத்தின் ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய்வரை பிணையின்றிக் கடன் பெறலாம். வீட்டுச் செலவுக்கும் தொழிலுக்கும் தனித்தனிக் கணக்கு, மூன்று மாதச் செலவுக்குரிய சேமிப்பு, ஒவ்வொரு வேலைக்கும் எழுத்திலான மதிப்பீடு ஆகிய மூன்றும் அவரைக் காக்கும்.

வேலையற்ற நாளையும், நோயுற்ற நாளையும், முதுமையையும் யார் சுமப்பது? இவ்வினாவுக்கு நிலைத்த பணி ‘நிறுவனமும் நானும்’ என்கிறது. சொந்தத் தொழில் ‘நான்’ என்கிறது. அச்சுமையைத் தாங்கும் ஆயத்தம் இல்லாதவர்க்குச் சுதந்திரம் சில மாதங்களே இனிக்கும். ஆயத்தம் செய்தவர்க்கோ மலைச்சரிவின் நீரைப்போல அவரது உழைப்பே வழி கண்டு பாயும்.

தெரிந்து தெளிவோம்

தொழிற்பயிற்சி நிலையங்களில் குழாய் பொருத்துநர் பிரிவு ஓராண்டுப் பயிற்சியாகும். பயிற்சியை முடித்துத் தேர்ச்சி பெறுவோர்க்குத் தேசியத் தொழிற்சான்றிதழ் வழங்கப்படுகிறது. ஆண்டுதோறும் மார்ச் 11ஆம் நாள் உலகக் குழாய்ப்பணி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் குழாய் பொருத்தும் தொழிலாளர் ஒருவரைச் சந்தித்து, மாதத்தில் அவர்க்கு வேலை கிடைக்கும் நாள்களையும் அவரது செலவுகளையும் கேட்டறிந்து, பாடத்தில் உள்ளவாறு கணக்கிடுக.

2. ‘மாதச் சம்பளம் என்பதும் நிலைத்த பணி என்பதும் ஒன்றல்ல’ – இக்கூற்றைச் சான்றுடன் விளக்குக.

3. ‘ஊருக்கே ஊழியர்’ என்று நீர்க்கட்டியைக் குறிப்பிடுவதன் பொருத்தத்தை ஆராய்க.

4. நீவிர் தேர்ந்தெடுக்க விரும்பும் தொழிலில் நிலைத்த பணி, சொந்தத் தொழில் ஆகியவற்றுள் எதனை முதலில் மேற்கொள்வீர்? காரணங்களுடன் ஒரு பக்க அளவில் எழுதுக.