அருவியா, தீவா: முதலில் மாதத்தைப் பாருங்கள்

ஆகஸ்ட் பிறந்தால் கல்லூரிகளில் டூர் பேச்சு தொடங்கிவிடும். மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு வைப்பார்கள். மேற்குக் கடற்கரை என்பது வரை எல்லாருக்கும் சம்மதம். அதற்கு மேல் இரண்டு கட்சி. “சீனியர்ஸ் எல்லாம் கோவா போனாங்க சார், நாங்களும் கோவாதான்” என்பது மாணவர் கட்சி. “எக்ஸாம் முடியட்டும் சார், மே மாசம் கூட்டிட்டுப் போங்க. அப்படியே கொல்லூரும் உடுப்பியும் கும்பிட்டு வந்துடட்டும்” என்பது பெற்றோர் கட்சி. அருவியில் எப்போது தண்ணீர் இருக்கும், தீவுக்கு எப்போது படகு போகும் என்ற கேள்வியை இரு தரப்பிலும் யாரும் எழுப்புவதில்லை. தாவரவியல் ஆசிரியனாக இந்தக் கரைக்கு மாணவர்களோடு பலமுறை போய் வந்தவன் நான். சேர்த்து வைத்த பணத்தைக் கொட்டிவிட்டு, பார்க்க நினைத்ததைப் பார்க்காமல் பிள்ளைகள் திரும்புவதைக் கண்டு பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

மாதம்தான் முதல் கணக்கு

மங்களூரிலிருந்து கோவா வரை கடலும் மலையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து நேரே வந்து மலையில் மோதிக் கொட்டுகிறது. கரையோரத்தில் மட்டுமே ஆண்டு மழை 3000 மில்லிமீட்டரைத் தாண்டும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் அருவிகள் பொங்கி வழிவது இதனால்தான்.

அருவியை நிறைக்கும் அதே காற்றுதான் கடலையும் கொந்தளிக்க வைக்கிறது. நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சுற்றுலாப் படகுகள் அதற்குப் பிறகும் கடல் அடங்கும் வரை காத்திருக்கும். ஆக, அருவி நிறைந்திருக்கும்போது தீவுக்கு வழியில்லை. கடல் அமைதியாகி தீவுக்கு வழி திறந்து, ஜனவரி, பிப்ரவரி வரும்போது அருவி மெலிந்துவிடும். பெற்றோருக்குப் பிடித்த மே மாதத்தில் அருவியும் இருக்காது, வெயிலும் தாங்காது, மாதக் கடைசியில் கடலும் புரளத் தொடங்கிவிடும்.

இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டுமானால் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவு வரை கிளம்புங்கள். நம்மூரில் ஐப்பசி மழை பிடிக்கிற நேரத்தில்தான் அங்கே வானம் வெளுக்கும். அருவி மட்டும் போதும் என்றால் ஆகஸ்ட், செப்டம்பர். தீவு மட்டும் என்றால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. மாதத்தை முடிவு செய்த பிறகே ஊரை முடிவு செய்ய வேண்டும்.

தெரிந்த இடங்கள்

ஜோக் அருவியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஷராவதி ஆறு ராஜா, ராணி, ரோரர், ராக்கெட் என்று நான்காகப் பிரிந்து 253 மீட்டர் விழுகிறது. 1964இல் மேலே லிங்கனமக்கி அணை வந்த பிறகு, விழும் நீர் மழையையும் அணையையும் பொறுத்தது. நல்ல மழை பெய்த ஆண்டில் போங்கள். மழை பொய்த்த ஆண்டில் வேறு இடம் பாருங்கள்.

உடுப்பியை அடுத்த மல்பெ கரைக்கு எதிரே இருக்கும் செயின்ட் மேரிஸ் தீவுகளையும் கண்ணை மூடிக்கொண்டு பட்டியலில் சேர்க்கலாம். மடகாஸ்கரும் இந்தியாவும் பிரிந்த காலத்தில், சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பொங்கிய எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கி, வெடித்து, ஐந்து பக்கமும் ஆறு பக்கமுமாகத் தூண் தூணாக நிற்கிறது. தேசிய புவியியல் நினைவுச் சின்னம் அது. காலையில் முதல் படகில் போய்விடுங்கள். தங்க இடமில்லை, மாலைக்குள் திரும்பியாக வேண்டும். குளிக்க அனுமதித்த இடத்தைத் தாண்டி ஓர் அடியும் கடலில் வைக்கக் கூடாது. பாறை வழுக்கும், அலை இழுக்கும்.

முருடேஸ்வரில் 123 அடிச் சிவன் சிலை இருப்பதால் பெற்றோருக்கும் நிறைவாக இருக்கும். அங்கிருந்து ஏறத்தாழ 19 கிலோமீட்டர் தொலைவில் நேத்ராணி. தீவில் இறங்கிச் சுற்றுகிற ஏற்பாடு கிடையாது. சுற்றியுள்ள கடலில் ஸ்கூபா டைவிங் செய்யத்தான் போகிறார்கள். முதல்முறை கடலுக்குள் தலையை விட விரும்புகிறவர்களுக்கு இந்தக் கரையில் நான் சொல்லும் இடம் இதுதான்.

தூத்சாகர்: படத்தில் ஒன்று, நேரில் ஒன்று

இப்போது கோவாவுக்கு வருகிறேன். மாணவர்கள் கோவா என்று சொல்லும்போது பெற்றோருக்குக் காட்டுவது தூத்சாகர் அருவியின் படத்தை. பாலாகக் கொட்டும் அருவி, அதன் இடுப்பில் ஒரு பாலம், பாலத்தின் மேல் ரயில். 2013இல் ‘சென்னை எக்ஸ்பிரஸ்’ படம் வந்த பிறகு இந்தக் காட்சியைப் பார்க்காத பிள்ளையே இல்லை. மாண்டோவி ஆறு 310 மீட்டர் உயரத்திலிருந்து படிப்படியாக இறங்கும் மகத்தான அருவி அது. அதன் அழகில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அந்தப் படத்தை நம்பி டூர் போடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

அந்தப் படங்கள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் எடுக்கப்பட்டவை. அந்த மாதங்களில் குலேமிலிருந்து காட்டுக்குள் போகும் ஜீப் பாதை மூடியிருக்கும். வழியிலுள்ள ஓடைகளில் வெள்ளம் ஓடும். மிச்சமிருப்பது ரயில் தண்டவாளம். அதில் நடப்பது குற்றம். ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். 2023 ஜூலையில் ஒரு விடுமுறை நாளில் தண்டவாளம் வழியே திரண்டு போனவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அருவியைப் பெட்டிக்குள் இருந்தபடியே பாருங்கள் என்று தென்மேற்கு ரயில்வே வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது. சுரங்கங்களும் வளைவுகளும் நிறைந்த மலைப்பாதை. மழையில் ரயில் வரும் சத்தம் காதில் விழாது. இருபது வயதுப் பிள்ளைகளை அந்தப் பாதையில் நடக்க விடலாமா?

எங்கள் கல்லூரியில் வேறு துறை மாணவர்களிடம் ஓர் ஏஜென்சி, ஆகஸ்டில் “தூத்சாகர் கன்ஃபர்ம்” என்று சொல்லி முன்பணம் வாங்கியது. குலேம் போய் இறங்கியதும் “ஜீப் ஓடலை” என்று கையை விரித்துவிட்டது. ஜீப் ஓடாது என்பது அந்த ஏஜென்சிக்கு முன்பே தெரியும். பிள்ளைகளுக்குத்தான் தெரியாது.

சரி, ஜீப் ஓடும் அக்டோபரில் போனால்? ஒரு ஜீப்பில் ஏழு பேர். நாற்பது பேருக்கு ஆறு ஜீப். ஒரு நாளைக்கு இத்தனை ஜீப் என்று வரம்பு உண்டு. விடுமுறை நாளில் சீக்கிரமே தீர்ந்துபோகும். மாணவர்கள் ரூம் போடுவதோ பாகா, கலங்குட் பக்கம். அங்கிருந்து குலேம் வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதனால் இருட்டிலேயே எழுந்தாக வேண்டும். முந்தின இரவு இரண்டு மணி வரை கடற்கரையில் இருந்தவர்களை எழுப்புவது யார்? எப்படியோ வரிசையில் நின்று, ஓடைகளைக் கடந்து, லைஃப் ஜாக்கெட்டோடு பாறைகளில் ஏறி இறங்கி அருவியின் அடியிலுள்ள குளத்துக்குப் போனால், தங்குவதற்கு ஒரு மணி நேரமோ கொஞ்சம் கூடவோ கிடைக்கும். கூட்டம் தோளோடு தோள் உரசும். படத்தில் பார்த்த ரயில் தலைக்கு மேலே எங்கோ எட்டாத உயரத்தில் போகும். ஒரு முழு நாள் இதற்கே சரியாகிவிடும்.

மறுநாள் கிராண்டே தீவு என்று பேக்கேஜில் இருக்கும். படகில் பாட்டு, டால்ஃபின் பார்த்தல், தூண்டில், ஸ்கூபா எல்லாம் ஒரே சீட்டில். ஸ்கூபா என்பது பயிற்சியாளர் தோளைப் பிடித்துக்கொண்டிருக்க, ஆழமில்லாத நீரில் சில நிமிடம் இருந்து வருவது. ஆஸ்துமா உள்ள பிள்ளை அதை மறைத்துக்கொண்டு படிவத்தில் கையெழுத்துப் போடும்போது தடுக்க ஆளில்லை. பல பேக்கேஜ்களில் குடியும் சேர்ந்தே வருகிறது. கோவாவில் மது அருந்தச் சட்டப்படி 21 வயது ஆக வேண்டும். இளநிலை மாணவர்களில் பெரும்பாலோருக்கு அது ஆகியிருக்காது. குடித்த பிறகு கடலில் இறங்குவதால் வரும் ஆபத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

தூத்சாகரைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறவர்களுக்கு இரண்டு வழி சொல்கிறேன். மலையைப் பகலில் கடக்கும் ரயிலாகப் பார்த்து ஏறி, ஜன்னலோரம் உட்காருங்கள்; மழைக்காலத்தில் அருவியைச் சட்டத்துக்கு உட்பட்டுப் பார்க்க இது நல்ல வழி. அல்லது அக்டோபர், நவம்பரில் வார நாளாகப் பார்த்து, முந்தின இரவே குலேமை அடுத்த மொல்லெம் பக்கம் தங்கி, விடிந்ததும் முதல் ஜீப்பில் போங்கள். இந்த இரண்டுமில்லாமல், கோவா டூரில் ஒரு நாளைக் கிள்ளி இதற்குக் கொடுப்பது வீண்.

நான் அனுப்புகிற இடம்

என்னைக் கேட்டால், நான்கு இடத்தைத் தொட்டு வருவதைவிட ஓர் ஆற்றை மேலிருந்து கீழ்வரை பார்ப்பது மேல். அதற்கு நான் சொல்வது அகநாசினி. சிர்சி பக்கம் பிறந்து, குமட்டாவுக்கும் கோகர்ணத்துக்கும் நடுவில் கடலில் சேர்கிறது. குறுக்கே பெரிய அணை ஒன்றும் கிடையாது. அதனால் அருவியில் விழும் நீர் மழை கொடுத்த நீர், அவ்வளவும்.

சித்தாபூர் வட்டத்தில் உஞ்சள்ளி அருவி 116 மீட்டர் விழுகிறது. படிகளில் இறங்கிப் பார்வை மேடைக்குப் போனால், எதிரே பச்சைச் சுவர் போன்ற மலை, நடுவே வெள்ளமாக ஆறு. கடைகளோ இரைச்சலோ இல்லை. அருகில் கத்தலேகான் காட்டில் காட்டு ஜாதிக்காய் மரங்கள் நிற்கும் சதுப்பு இருக்கிறது. சேற்றுக்குள் மூச்சுவிட முடியாத வேர்கள் மடக்கிய முழங்காலாக வெளியே வளைந்து, மறுபடி சேற்றில் இறங்கும். அந்த வேரைத் தொட்டுப் பார்த்த மாணவி ஒருத்தி அங்கேயே குந்தி உட்கார்ந்து, மற்றவர்கள் கூப்பிடக் கூப்பிட எழுந்திருக்காமல் படம் வரைந்துகொண்டிருந்தாள். வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, ஊர் ஆள் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு போங்கள். அட்டை கடிக்கும்; உப்பும் நீளக் காலுறையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிறகு கீழே இறங்கி கழிமுகத்துக்கு வாருங்கள். 2024 ஜனவரியில் நம் கரைவெட்டியோடும் லாங்வுட் சோலையோடும் சேர்ந்து, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தது இந்தக் கழிமுகம். கடல் வற்றும் நேரத்தில் பெண்களும் ஆண்களும் இடுப்பளவு நீரில் நின்று மட்டி அள்ளுவதைப் பார்க்கலாம். உப்பு நீரைத் தாங்கும் கக்க நெல் இங்கே விளைகிறது. ஆற்றுக்குள்ளேயே மக்கள் வாழும் தீவுகள் இருக்கின்றன, அலையாத்திக் காடு இருக்கிறது. தீவென்றால் நடுக்கடலில்தான் இருக்க வேண்டுமா என்ன? சிறு படகில் மெதுவாகப் போய் இவற்றைப் பார்த்த பிள்ளைகள், ஒரே ஆறு மலையில் என்ன செய்கிறது, கடலோரத்தில் என்ன செய்கிறது என்று தாங்களே பேசத் தொடங்குவார்கள்.

உங்களுக்கு எது பொருந்தும்?

படகில் ஏறினால் வாந்தி வருகிறவர் நேத்ராணியை விட்டுவிட்டு மல்பெயோடு நிறுத்திக்கொள்ளலாம். அது குறைந்த தூரம். முழங்கால் வலி உள்ளவருக்கு ஜோக்கின் மேல்தளத்திலிருந்தே நான்கு பிரிவும் தெரியும், கீழே இறங்க வேண்டியதில்லை. கூட்டத்தோடு ஆடிப்பாடுவதில்தான் மகிழ்ச்சி என்கிறவர் அதைக் கடற்கரையில் செய்யட்டும், அருவியின் பெயரைச் சொல்லிக் கிளம்ப வேண்டாம். அமைதியாக நிற்கத் தெரிந்தவருக்கு உஞ்சள்ளி. பெற்றோர் கோயில் கேட்டால் கொல்லூருக்கு ஒரு காலைப்பொழுதைத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் மாதத்தை மட்டும் அவர்கள் வசதிக்கு மாற்ற இடம் கொடுக்காதீர்கள்.

எந்த இடமானாலும் பொறுமை வேண்டும். ஆகஸ்டில் ஜோக்கில் மூடுபனி பள்ளத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். வந்தவர்கள் வெள்ளைத் திரையின் முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு, “ஒண்ணுமே தெரியல” என்று பத்து நிமிடத்தில் பஸ் ஏறிவிடுவார்கள். நின்று பார்த்தவர்களுக்கு, காற்று திரும்பும்போது பனி கிழிந்து ராஜா அருவி உச்சி முதல் அடி வரை தெரியும். சில நொடியில் மறுபடி மூடும், மறுபடி திறக்கும்.

அடுத்தவர் சொல்லைக் கேட்டு டூர் இடத்தைத் தேர்ந்தெடுக்கிற பிள்ளைகளே படிப்பையும் அப்படித் தேர்ந்தெடுப்பதை நான் வகுப்பில் பார்க்கிறேன். சீனியர் சேர்ந்தான், அதனால் நானும் சேர்ந்தேன். அப்பா சொன்னார், அதனால் எடுத்தேன். தன் கால் எவ்வளவு தூரம் நடக்கும், தன் கண் எதில் நிலைக்கும் என்று சோதித்துப் பார்க்க டூர் ஒரு நல்ல வாய்ப்பு. செலவு குறைவு, தவறினாலும் நான்கே நாள்தான். பெற்றோரே, இந்தச் சின்ன முடிவையாவது பிள்ளைகளை விசாரித்து எடுக்க விடுங்கள். மாணவர்களே, வாக்கெடுப்புக்கு முன் நாலு பேரைப் போனில் கூப்பிட்டு ஆற்றில் தண்ணீர் உண்டா, படகு ஓடுகிறதா, பாதை திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டுத் தெளிகிற பழக்கம் இப்போது வந்துவிட்டால், நாளை மேற்படிப்பையும் வேலையையும் தேர்ந்தெடுக்கும்போது ஊர் சொல்வதற்குத் தலையாட்ட மாட்டீர்கள்.