வேட்டியை அளந்தால் முகம் சரியாகும்

கேள்வி: வாழைத்தோப்பில் எடுத்த கல்யாண வீடியோவில் மாப்பிள்ளை முகம் பச்சையடிக்கிறது. கலர் கிரேடிங்கில் சரிசெய்ய முடியுமா?
- வாசகர், தொட்டியம்

பதில்: முடியும். இலையில் பட்டுத் தெறித்த வெளிச்சம்தான் காரணம். முகத்தை விடுங்கள், அதே நிழலில் உள்ள வெள்ளை வேட்டியை அளந்து பாருங்கள். வெள்ளையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சமமாக இருக்க வேண்டும். 200, 220, 200 என்று காட்டினால் பச்சையின் கெயினை 200/220, அதாவது 0.91 ஆக்குங்கள். படம் சற்று மங்கும். ஏனென்றால், எச்.டி.க்கான ரெக். 709 கணக்கில் வெளிச்சத்தில் பச்சையின் பங்கு மட்டும் 71.52 சதவீதம். மூன்றையும் 1.07ஆல் பெருக்கினால் பழைய வெளிச்சம் திரும்பிவிடும். இலை வாடித் தெரிந்தால் ஆளுக்கு மட்டும் மாஸ்க் போடுங்கள். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். அதிகம் இழுத்தால் வானம் பட்டை பட்டையாகப் பிரியும். அடுத்த கல்யாணத்தை 10 பிட்டில் எடுங்கள், 1024 படிகள் கிடைக்கும்.