பாறசாலையிலிருந்து நேர்காணலுக்கு

கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் நேர்காணலா? 1990இல் தொடங்கிய வளாகம். இன்று கட்டடங்கள் ஏராளம். எந்தக் கட்டடம், எந்த மாடி என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள். பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ ரயில் ஏறினால் கழக்கூட்டத்திலேயே இறங்கலாம். ஆனால் எல்லா வண்டியும் அங்கே நிற்காது.

நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்குத் தமிழும் வரும், மலையாளமும் வரும். அதை பயோடேட்டாவில் எழுதாமல் விடுவதுதான் எனக்குப் புரியாத சங்கதி! வாடிக்கையாளரிடம் பேசும் வேலைக்கு அது தனித் தகுதி. பேச மட்டுமா, எழுதவுமா என்று பிரித்துச் சொல்லுங்கள், சோதித்துப் பார்ப்பார்கள்.

எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலும் ஆதாரிலும் பெயர், இனிஷியல் ஒத்துப்போகட்டும். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால் குடும்பக் கதை வேண்டாம். செய்த வேலை ஒன்றையும் அதில் உங்கள் பங்கையும் சொல்லுங்கள். சம்பளம் பேசும்போது வண்டிச் செலவையும் கணக்கில் சேருங்கள்.