பழைய டிராக்டரில் ஹைட்ராலிக், பிரேக் கோளாறுகளைக் கண்டறிதல்

பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைத்த டிராக்டர்கள் நம் கிராமங்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. இவற்றுள் பலவற்றில் இஞ்சின் நல்ல நிலையில் இருந்தாலும், கருவியைத் தூக்கும் ஹைட்ராலிக் அமைப்பும் பிரேக்கும் தளர்ந்திருக்கும். கலப்பை மேலே எழவில்லை என்றால் உடனே பம்பு போய்விட்டது என்று முடிவு கட்டி, டிராக்டரைப் பிரிக்கச் சொல்லும் உழவர்கள் உண்டு. ஆனால் எண்ணெய், வடிகட்டி, லீவர் ஆகிய மூன்றையும் சரிபார்த்தாலே தீரக்கூடிய கோளாறுகள் பல. எனவே, செலவில்லாத சோதனையை முதலிலும், பிரிக்கும் வேலையைக் கடைசியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

இது இயந்திரத்தோடு முடிந்துபோகும் செய்தியன்று. மானாவாரிச் சோளத்தைப் பருவமழைக்கு முன்பே விதைக்கும்போது விதை 5 செ.மீ. ஆழத்தில் விழவேண்டும் என்கிறோம். போதிய மழை பெய்து, அந்த ஆழம்வரை ஈரம் இறங்கிய பிறகே விதை முளைக்கவேண்டும் என்பதே இதன் நோக்கம். கருவி தானாக ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால், மேலாக விழுந்த விதை சிறு தூறலிலேயே முளைத்து, அடுத்த மழைக்குள் காய்ந்துவிடும். மிக ஆழத்தில் விழுந்த விதை மேலே வரத் திணறும். ஹைட்ராலிக் கோளாறு இவ்வாறு பயிர் எண்ணிக்கையையே குறைத்துவிடும்.

வேலை செய்யும் விதம்

கருவியை மூன்று இணைப்புகளில் மாட்டி, எண்ணெயின் அழுத்தத்தால் தூக்கும் முறையை உருவாக்கியவர் ஹாரி பெர்குசன். இம்முறை கொண்ட டிராக்டர் 1936-இல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. இன்று நம் வயல்களில் ஓடும் டிராக்டர்களும் இதே அடிப்படையில் அமைந்தவையே.

பம்பு எண்ணெயை உறிஞ்சி, கட்டுப்பாட்டு வால்வு வழியாகச் சிலிண்டருக்கு அனுப்புகிறது. அங்குள்ள பிஸ்டன் தள்ளப்படுவதால் தூக்கும் கைகள் உயர்கின்றன. வால்வு திறந்து எண்ணெய் திரும்பும்போது, கருவி தன் எடையாலேயே கீழே இறங்குகிறது.

பல டிராக்டர்களில் இதற்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. நிலைக் கட்டுப்பாடு கருவியை ஒரே உயரத்தில் நிறுத்தி வைக்கும். இழுவைக் கட்டுப்பாடு, இறுகிய மண் வரும்போது கலப்பையைச் சற்று உயர்த்தி இஞ்சினின் சுமையைக் குறைக்கும். விதைப்புக் கருவிக்கு இழுவைக் கட்டுப்பாட்டைப் பயன்படுத்தினால் மண்ணின் இறுக்கத்திற்கேற்ப ஆழம் மாறிக்கொண்டே இருக்கும். இது பழுதன்று, லீவரை மாற்றினால் சரியாகிவிடும்.

முதலில் பாதுகாப்பு

தூக்கி நிற்கும் கருவியின் கீழ் ஒருபோதும் நுழையாதீர்கள். எண்ணெய் கசிந்தாலோ, குழந்தை லீவரைத் தட்டிவிட்டாலோ கருவி நொடியில் விழும். எந்த வேலைக்கும் கருவியைத் தரையில் இறக்கி, இஞ்சினை நிறுத்திய பிறகே கை வையுங்கள். கருவி உயரத்தில் இருந்தாகவேண்டும் என்றால் உறுதியான மரக்கட்டைகளை முட்டுக்கொடுங்கள். செங்கல் உடைந்துவிடும்; அதை நம்பாதீர்கள்.

ஹைட்ராலிக் குழாய்களில் சதுர செ.மீட்டருக்கு 150 கிலோ அளவுக்கும் அழுத்தம் எழக்கூடும். ஊசித் துளையளவு கசிவிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கசிவைக் கையால் தடவிப் பார்க்காமல், ஓர் அட்டையைப் பிடித்துப் பாருங்கள். எண்ணெய் தோலுக்குள் புகுந்துவிட்டால், காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். தாமதித்தால் விரலையோ கையையோ இழக்க நேரிடும்.

கருவி எழவே இல்லையா?

1. டிராக்டரைச் சமதரையில் நிறுத்தி, கருவியை இறக்கி, எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். டிப்பர் டிரெய்லரைத் தூக்கும்போது அதன் சிலிண்டருக்கும் இதே எண்ணெய்தான் போகிறது. ஆகையால் மட்டம் குறைந்திருந்தால் பம்பு காற்றை உறிஞ்சும்.

2. பழைய பெர்குசன் வகை டிராக்டர்களில் பம்பு பி.டி.ஓ. தண்டால் சுழல்கிறது. பி.டி.ஓ. லீவர் விடுபட்டிருந்தால் ஹைட்ராலிக் வேலை செய்யாது. முதலில் இதைப் பாருங்கள்.

3. பம்பு கீச்சிட்டு, கருவி மட்டும் அசையாவிட்டால் சுமை அதிகமா என்று பாருங்கள். கருவியைக் கழற்றிவிட்டு வெறும் கைகளைத் தூக்கிப் பாருங்கள். அவை எளிதில் உயர்ந்தால் சுமை மிகுதியாகவோ, அழுத்தம் குறைவாகவோ இருக்கலாம்.

4. இவையெல்லாம் சரியாக இருந்தால் வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள், அல்லது மாற்றுங்கள். அதன் பிறகும் எழாவிட்டால்தான் பம்பையும் வால்வையும் பிரிக்கவேண்டும்.

மெதுவாகவோ, குலுங்கியோ எழுகிறதா?

பெரும்பாலும் அடைபட்ட வடிகட்டியோ, காற்று கலந்த எண்ணெயோ காரணமாக இருக்கும். எண்ணெயில் சிறிதளவைக் கண்ணாடிப் புட்டியில் எடுத்துப் பாருங்கள். நுரை இருந்தால் காற்று. மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர். கருகிய வாடை வந்தால் அதிகச் சூடு. பளபளக்கும் துகள்கள் இருந்தால் உலோகம் தேய்கிறது என்று பொருள். சேற்றுழவு செய்யும் டிராக்டர்களில் தண்ணீர் கலப்பது சாதாரணம். ஐயமிருந்தால் சூடான தகரத்தில் இரண்டு சொட்டு எண்ணெயை விடுங்கள். படபடவென்று வெடித்தால் தண்ணீர் உண்டு. அந்த எண்ணெயை முழுவதும் வடித்துவிட்டு, கையேட்டில் குறிப்பிட்ட வகை எண்ணெயையே ஊற்றவேண்டும். ஒரே டிப்பரைப் பல டிராக்டர்களில் மாட்டுவதால் ஒன்றின் அழுக்கு மற்றொன்றுக்குப் போகிறது. மாட்டுமுன் குழாயின் முனைகளைத் துணியால் துடைப்பது நல்ல பழக்கம்.

எழுந்த கருவி தானாக இறங்குகிறதா?

கருவியைத் தூக்கி இஞ்சினை நிறுத்துங்கள். எட்டி நின்று, ஒரு குச்சியால் தரைக்கும் கருவிக்கும் உள்ள உயரத்தை அளவிடுங்கள். பத்து நிமிடம் கழித்து மீண்டும் அளவிட்டு, தேதியுடன் கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள். சிறிதளவு இறக்கம் இயல்பே. ஆனால், ஒரே கருவியை வைத்து மாதந்தோறும் அளக்கும்போது இறக்கம் கூடிக்கொண்டே போனால், சிலிண்டரின் ரப்பர் வளையம் அல்லது வால்வு தேய்கிறது என்று அறியலாம். இஞ்சின் ஓடும்போது தூக்கிய கருவி விட்டுவிட்டுத் தலையாட்டினாலும் இதே உள்கசிவுதான். இறங்கும் கருவியை வால்வு மீண்டும் மீண்டும் தூக்குவதால் இந்த ஆட்டம் ஏற்படுகிறது.

பிரேக்கில் கவனிக்கவேண்டியவை

டிராக்டரில் பின்சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெடல் இருப்பது வயலில் குறுகத் திரும்புவதற்காக. சாலையில் ஒரு பெடலை மட்டும் மிதித்தால் டிராக்டர் சுழன்று கவிழ்ந்துவிடும். எனவே வயலைவிட்டு ஏறும்போதே இரு பெடல்களையும் கொக்கியால் இணைத்துவிடுங்கள்.

பெடல் மிக ஆழமாகப் போனால் லைனிங் தேய்ந்திருக்கும், அல்லது முடுக்கம் தளர்ந்திருக்கும். மிதிக்கும்போது ஒரு பக்கம் இழுத்தால் இரு பக்கமும் சமமாக முடுக்கப்படவில்லை, அல்லது ஒரு லைனிங்கில் எண்ணெய் படிந்துள்ளது. மிதிக்காமலேயே டிரம் சூடானால் பெடலில் இருக்கவேண்டிய வெற்றசைவு இல்லை என்று பொருள்.

சோதனை எளிது. வெறிச்சோடிய சமதரையில், டிரெய்லர் இல்லாமல், பெடல்களை இணைத்து, மெதுவாக ஓட்டிப் பிரேக் போடுங்கள். மண்ணில் பதியும் இரு சக்கரத் தடங்களும் ஒரே நீளமாக இருக்கவேண்டும்.

எண்ணெய் படிந்த லைனிங்கை மாற்றினால் மட்டும் போதாது. அச்சின் எண்ணெய் சீல் கசிகிறதா என்று பார்த்து, அதையும் மாற்றவேண்டும். சில டிராக்டர்களில் கியருக்கும் ஹைட்ராலிக்கிற்கும் ஒரே எண்ணெய்தான். தூக்கும் திறன் கூடுமென்று மட்டத்திற்கு மேல் ஊற்றினால், அது சீலைத் தாண்டிப் பிரேக்கிற்கு வந்துவிடும்.

பாரம் ஏற்றிய டிரெய்லர் சரிவில் டிராக்டரைத் தள்ளும். பல டிரெய்லர்களில் பிரேக்கே இல்லை. சரிவு தொடங்குமுன்பே குறைந்த கியருக்கு மாறிவிடுங்கள். நடுவில் கிளட்சை மிதிக்காதீர்கள். மிதித்தால் இஞ்சினின் பிடிப்பு போய், முழுப் பாரமும் தேய்ந்த பிரேக்கின் மேல் வந்துவிடும்.

எப்பொழுது சரிபார்ப்பது?

விதைப்புக்கு ஏற்ற நாட்கள் வந்தபின் பட்டறையில் காத்திருப்பது இழப்பையே தரும். பட்டம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே எண்ணெய், வடிகட்டி, இறக்க அளவு, பிரேக் தடம் ஆகிய நான்கையும் பார்த்துவிடுங்கள். ஹைட்ராலிக்கில் சிறு குறை இருந்தால் மெக்கானிக்கிற்குச் சொல்லிவைத்து வேலையைத் தொடரலாம். ஆனால் பிரேக்கில் குறை இருந்தால், அதைச் சரிசெய்யும்வரை டிராக்டரைச் சாலைக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.