செராமிக் கிளாஸ் அடுப்புக்குப் பாத்திரம் விற்பவரா நீங்கள்? முந்திக்கொள்ள 7 வழிகள்

பாத்திர செக்‌ஷனில் நிற்கும் எல்லாருக்கும் ஒரே யூனிஃபார்ம், ஒரே ரேக், ஒரே டிஸ்கவுன்ட். ஆனாலும் மாதாமாதம் டார்கெட்டைத் தாண்டுபவர் ஒருவர்தான். அவரிடம் இருப்பது புராடக்ட் நாலெட்ஜ். அந்த நாலெட்ஜ் உங்களிடமும் இருக்கிறதா என்பது, செராமிக் கிளாஸ் அடுப்பு வாங்கிய கஸ்டமர் வந்து நிற்கும்போது தெரிந்துவிடும். வீட்டிலுள்ள பழைய பாத்திரங்களில் பாதி அவருக்கு உதவாது. அதனால் பில் பெரிதாகும். தப்பாகக் கொடுத்தால் ரிட்டர்னும் பெரிதாகும்.

1. பாத்திரத்தை எடுக்காதீர்கள், கேள்வியை எடுங்கள். ‘கிளாஸ் அடுப்பு’ என்பார் கஸ்டமர். அது கேஸ் ஸ்டவ்வாக இருக்கலாம், இண்டக்‌ஷனாக இருக்கலாம், இன்ஃப்ராரெட்டாகவும் இருக்கலாம். “கேஸா, கரன்டா மேடம்? ஆன் பண்ணினா கண்ணாடிக்குக் கீழே சிவப்பா எரியுதா?” என்று கேளுங்கள். சிவந்தால் இன்ஃப்ராரெட், சிவக்காமல் பாத்திரம் மட்டும் சுட்டால் இண்டக்‌ஷன். கேஸ் ஸ்டவ் என்றால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. அங்கே கண்ணாடி வெறும் மேல்தட்டுதான். சந்தேகம் இருந்தால் அடுப்பின் போட்டோவை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பாருங்கள்.

2. கண்ணாடியைப் பற்றி இரண்டு வரி தெரிந்திருக்கட்டும். 1971-ல் ஜெர்மனியின் ஷாட் நிறுவனம் ‘செரான்’ என்ற பெயரில் கொண்டுவந்த ரகம் இது. சூடேறினாலும் ஏறக்குறைய விரிவதே இல்லை. அதனால்தான் சூட்டில் வெடிப்பதில்லை. ஆனால் கனமான குக்கர் கைதவறி விழுந்தால் உடையும். சூடு தாங்கும், அடி தாங்காது. இதை இப்படியே சொல்லுங்கள், கஸ்டமர் மனதில் நிற்கும்.

3. பாக்கெட்டில் ஒரு ஸ்டீல் ஸ்கேல் வையுங்கள். பாத்திரத்தைக் கவிழ்த்து, அடியில் ஸ்கேலைக் குறுக்கே வைத்துக் காட்டுங்கள். நடுவில் மயிரிழை இடைவெளி தெரிந்தால் கவலையில்லை. சூட்டில் உலோகம் விரிந்து படிந்துவிடும். நடுப்பகுதி புடைத்திருந்தால் பாத்திரம் அடுப்பின் மேல் சுற்றும், சூடு ஏறாது. அதை ஒதுக்கி வையுங்கள். குழிவான வாணலியும் இதே காரணத்தால் அவுட். அதற்குப் பதிலாகத் தட்டையான அடி உள்ள கடாயைக் கையில் கொடுங்கள்.

4. இன்னொரு பாக்கெட்டில் காந்தம். இண்டக்‌ஷன் கஸ்டமருக்குக் காந்தம் ஒட்டும் அடி கட்டாயம். எவர்சில்வர் என்றாலே ஒட்டிவிடும் என்று நினைக்காதீர்கள்: 304 கிரேடில் பொதுவாக ஒட்டாது, 430-ல் ஒட்டும். ட்ரைப்ளை பாத்திரத்தில் உள்ளே 304, நடுவில் அலுமினியம், அடியில் 430 என்று வருவது இதற்காகத்தான். காந்தத்தை அடி முழுக்க நகர்த்திப் பாருங்கள். நடுவில் மட்டும் ஒட்டினால் நடுவில் மட்டும்தான் சூடேறும். இன்ஃப்ராரெட்டுக்குக் காந்தம் தேவையில்லை. ஆனால் தட்டையான அடி இல்லாமல் அதுவும் ஒழுங்காக வேலை செய்யாது. ‘எந்தப் பாத்திரமும் வைக்கலாம்’ என்ற ஸ்டிக்கரை நம்பி விற்றால், திட்டு வாங்கப்போவது நீங்கள்தான்.

5. அளவை அடியில் எடுங்கள். லேபிளில் உள்ள சென்டிமீட்டர் பெரும்பாலும் வாய் விட்டம். அடி அதைவிடச் சிறியது. பதிக்கும் ஹாப்களில் 14.5, 18, 21 செ.மீ. வட்டங்கள் சகஜம். அடி வட்டத்தோடு பொருந்தினால் சூடு வீணாகாது, கரன்ட் பில் குறையும். ‘பில் குறையும்’ என்று முடித்துப் பாருங்கள், கஸ்டமர் விலையை மறுபடி கேட்க மாட்டார்.

6. ‘வேண்டாம்’ என்று சொல்லப் பழகுங்கள். வெறும் அலுமினியம் கண்ணாடியில் சாம்பல் நிறக் கோடு போடும். தண்ணீர் வற்றி அதிகச் சூட்டில் உருகினால் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். இரும்புத் தோசைக்கல் நன்றாகச் சுடும். ஆனால் அடி சொரசொரப்பு, தூக்கி வைக்கணும், இழுக்கக் கூடாது. மண்சட்டி கீறும், சூடும் மெதுவாகத்தான் ஏறும். ரசம் வைக்கும் ஈயச்சொம்பை இதில் வைக்கவே வேண்டாம். அது செய்யப்படும் வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். 800 ரூபாய் பொருளை வேண்டாம் என்று தடுத்த சேல்ஸ்மேன் 4,000 ரூபாய் ட்ரைப்ளை செட்டைக் காட்டினால், கஸ்டமர் நம்பி வாங்குவார். இதில் உங்களுக்கும் இன்சென்டிவ், அவருக்கும் லாபம்.

7. பில் போட்ட பிறகும் ஒரு டிப்ஸ் கொடுங்கள். பொங்கலுக்கோ அதிரசத்துக்கோ காய்ச்சும் வெல்லப்பாகு கண்ணாடியில் சிந்தினால், ஆறவிடக் கூடாது. இறுகும்போது கண்ணாடியையே பெயர்த்துக் குழி விழவைத்துவிடும். அடுப்பை அணைத்து, கை சுடாமல், பிளேடு ஸ்கிரேப்பரால் சூட்டோடு சுரண்ட வேண்டும். இதைச் சொன்ன கையோடு ஸ்கிரேப்பரையும் எடுத்துக் காட்டுங்கள். சின்ன பில்தான். ஆனால் அடுத்த முறை அந்தக் குடும்பம் வந்தால் உங்கள் பெயரைச் சொல்லித்தான் விசாரிக்கும். ஃப்ளோர் மேனேஜர் காதில் விழவேண்டியதும் அதுதான்.

வேலை தேடுகிறீர்களா? ரீட்டெயில் இன்டர்வியூவில் ஒரு பாத்திரத்தை நீட்டி, “இதை எனக்கு வித்துக்காட்டுங்க” என்பார்கள். மற்ற கேண்டிடேட்டுகள் தரம், விலை, வாரன்டி என்று ஒப்பிப்பார்கள். நீங்கள் பாத்திரத்தைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். பிறகு கேளுங்கள்: “சார், உங்க வீட்ல என்ன அடுப்பு?”