பூவெல்லாம் கொட்டையாகாது

கேள்வி: பண்ருட்டிப் பக்கம் எங்களுக்கு இரண்டு ஏக்கர் முந்திரித் தோப்பு. 2011 புயலில் பழைய மரங்கள் சாய்ந்த பிறகு ஒட்டுக்கன்று நட்டோம். தை மாதத்தில் மரம் முழுக்கப் பூத்து நிற்கிறது. பங்குனியில் பொறுக்கப் போனால் சாக்கு நிறையவில்லை. பூப்பிடிக்க ஏதாவது மருந்து அடிக்கலாமா?

பதில்: இந்தத் தோப்புக்குப் பூ மருந்து வேண்டியதில்லை. பூ வந்துவிட்டது. வந்த பூ எங்கே போகிறது என்பதைத்தான் தேட வேண்டும்.

தை மாதக் காலையில் ஒரு பூங்கொத்தை ஒடித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஒரு கொத்தில் நூற்றுக்கணக்கில் பூக்கள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ஆண் பூக்கள். ஆண் பூவில் ஒரே ஒரு மகரந்தத் தாள் மட்டும் மற்றவற்றைத் தாண்டி நீண்டு நிற்கும். காய்க்கக்கூடிய இருபால் பூவில் சூல்தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அடியில் சிறு சூலகம் தெரியும். அந்த இருபால் பூக்களிலும் பெரும்பகுதி கருவுற்றாலும் பத்தில் ஒன்றுகூடக் கொட்டையாக முற்றுவதில்லை. மீதி பிஞ்சிலேயே உதிர்ந்துவிடும். ஆகவே மரம் நிறையப் பூத்திருப்பதை வைத்து மகசூலைக் கணக்குப் போடக் கூடாது.

இருபால் பூக்களின் பங்கு மரத்துக்கு மரம் வெகுவாக மாறும். விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் நன்றாகக் காய்க்கும் தாய்மரங்களைத் தேடி ஊர் ஊராக அலைந்ததற்கு இப்படிப்பட்ட வேறுபாடுகளே காரணம். எடையஞ்சாவடியில் கண்ட ஒரு நல்ல மரத்தின் வழிவந்ததுதான் 1991இல் வெளியான வி.ஆர்.ஐ.-3 ரகம். கொட்டையிலிருந்து நடும் கன்று தாயைப் போல வரும் என்று சொல்ல முடியாது. இளந்தண்டு ஒட்டில் தாயின் குணம் அப்படியே வரும். வாசகர் நட்டது ஒட்டுக்கன்று என்பதால் ரகத்தின் மேல் சந்தேகத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம்.

முதல் சந்தேகம் தேயிலைக் கொசுவின் மேல்தான். பெயரில் கொசு இருந்தாலும் இது சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி இனம். கொழுந்திலும் பூங்காம்பிலும் பிஞ்சிலும் குத்தி உறிஞ்சும்போது அதன் எச்சில் திசுவைக் கொன்றுவிடுகிறது. குத்திய இடத்தில் பழுப்புப் புள்ளி, அதன்மேல் கண்ணீர்த்துளி போலப் பிசின், பிறகு கருமை. சில நாட்களில் கொத்து முழுவதும் தீய்ந்தது போல் காய்ந்துவிடும். பனியில் கருகிவிட்டது என்று பலர் விட்டுவிடுவது பல நேரங்களில் இந்தப் பூச்சியின் வேலை. பக்கத்தில் வேம்பும் கொய்யாவும் இருந்தால் அங்கேயும் தங்கிப் பெருகும்.

துளிர் விடும்போது, பூக்கும்போது, பிஞ்சு பிடிக்கும்போது என மூன்று கட்டங்களில் தெளிக்கச் சொல்கிறது பரிந்துரை. எல்லாரும் பூத்த பிறகே விழித்துக்கொள்கிறார்கள். துளிர்க் கட்டத்தில் விட்டால் அந்த ஆண்டு பாதி போனது போலத்தான். எந்த மருந்து, எவ்வளவு என்பதை வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டுக்கொள்வதே சரி. நேரம் மட்டும் மாலையாக இருக்கட்டும். முந்திரி மகரந்தம் ஒட்டும் தன்மை கொண்டது, காற்றில் அவ்வளவாகப் பரவாது. தேனீயும் ஈயும் எறும்பும்தான் சுமந்து வர வேண்டும். பூ விரியும் காலை வேளையில் தெளித்தால் காய்ப்புக்கு உதவ வந்த பூச்சிகளையே கொல்கிறோம். இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு தேயிலைக் கொசுவை வேட்டையாடும். பொறுக்குகிற ஆட்களைக் கடிக்கும் என்று அதன் கூட்டை எரிப்பவர்களைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது.

அடுத்தது வெயில். முந்திரி புதுத்துளிரின் நுனியில்தான் பூக்கும். நிழலில் கிடக்கும் கிளை பூக்காமல் இலையை மட்டும் வளர்க்கும். கிளைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட தோப்பில் மரத்தின் உச்சி மட்டுமே காய்க்கும். அறுவடை முடிந்த கையோடு, ஆனி ஆடிக்குள், காய்ந்த குச்சி, குறுக்குக் கிளை, தரையைத் தொடும் கிளைகளை வெட்டி வெளிச்சம் விட வேண்டும். கார்த்திகையில் கவாத்து செய்தால் பூக்க வேண்டிய துளிரையே வெட்டிப் போடுகிறோம். வெட்டும்போது அடிமரத்தையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது. பிசினும் மரத்தூளும் தெரிந்தால் அது வேர்த் துளைப்பான் புழு. உடனே செதுக்கி எடுக்காவிட்டால் மரமே போய்விடும்.

உரத்தில் கைச்சுருக்கம் வேண்டாம். ஐந்தாம் ஆண்டு முதல் மரத்துக்கு ஆண்டுக்கு 50 கிலோ தொழு உரம், 500 கிராம் தழைச்சத்து, 200 கிராம் மணிச்சத்து, 300 கிராம் சாம்பல்சத்து என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. கடைக்கணக்கில் சுமார் 1.1 கிலோ யூரியா, 1.25 கிலோ சூப்பர் பாஸ்பேட், அரைக் கிலோ பொட்டாஷ். இதை ஆனி-ஆடியில் ஒரு பாதி, ஐப்பசி-கார்த்திகையில் ஒரு பாதி என்று பிரித்து, ஈரம் இருக்கும்போது கிளைப்பரப்பின் கீழே வட்டமாக இட்டு மண்ணால் மூட வேண்டும். கிணற்று வசதி இருந்தால் தை முதல் பங்குனி வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை மரத்துக்கு 200 லிட்டர் தண்ணீர் விடலாம். பிஞ்சு உதிர்வது குறையும். மானாவாரி மரம் என்று பேர் எடுத்ததாலேயே அதைத் தாகத்தில் நிறுத்த வேண்டியதில்லை.

வரும் தையில் வாசகர் ஒரு வேலை செய்யலாம். ஐந்து மரங்களில், மரத்துக்கு நான்கு கொத்தாக, சிவப்பு நூல் கட்டி வைத்து, வாரம் ஒருமுறை அந்த இருபது கொத்துகளை மட்டும் பார்த்து எழுதிவர வேண்டும்: இருபால் பூ எத்தனை, பிஞ்சு எத்தனை, பிசின் துளி எங்கே, எந்த வாரத்தில் உதிர்ந்தது. பங்குனியில் அந்த நோட்டோடு விருத்தாசலத்துக்குப் பேருந்து ஏறினால், அங்குள்ள விஞ்ஞானிகள் அவருடைய தோப்புக்கென்றே பதில் சொல்ல முடியும்.